கச்சான் வீசும் மாதங்களில் தேன் காட்டுக்குப் போகிறவர்களுக்கு

வைகாசியில் கச்சான் எழும்பிவிட்டால் திருகோணமலைக் காடுகளில் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும். பொந்துகளில் தேன் முற்றும், பள்ளங்களில் தண்ணீர் வற்றும். (வறுத்து விற்கிற கச்சான் வேறு. இது தென்மேற்கிலிருந்து தரைவழியாக வந்து உதட்டை வெடிக்கவைக்கிற காற்று.) தேனுக்குப் போகிறவர் இந்த இரண்டுக்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். மரத்தில் ஏறும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருப்பார்கள். கவனம் குறைவது தேன் கிடைத்த பிறகு, தண்ணீர் முடிந்து சுமை கூடிய திரும்பும் வழியில்தான்.

கீழே உள்ளவை நான்கு பேர், மூன்று இரவு என்ற அளவில் எழுதப்பட்டவை. குச்சவெளி, திரியாய்க்கு மேற்கே உள்ள காடும், கங்குவேலி, ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கக் காடும் மனதில் உள்ளன. முதலில் அனுமதி. ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது, அங்கே நெருப்பு மூட்டுவது, எதையும் எடுத்து வருவது எல்லாமே 1907ஆம் ஆண்டின் வனச் சட்டத்தில் குற்றம். எந்தத் துண்டுக் காடு யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று வன அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். அடுத்தது ஆள். மூதூர், வெருகல் பக்கத்து வேடர் வழிவந்த குடும்பங்களில் இன்னும் தேன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவை போகிறவர் அப்படிப்பட்ட ஒருவருக்குப் பின்னால் நடப்பது நல்லது. இந்தக் கட்டுரை அவருக்குப் பதில் ஆகாது.

தண்ணீர்க் கணக்கு

ஆனி மாத வெயிலில் சுமையோடு நடக்கிற ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 5 லீட்டர் குடிக்க வேண்டும். சமையலுக்கு இன்னொரு லீட்டர். நான்கு பேருக்கு நாளுக்கு 24 லீட்டர். மூன்று நாளுக்கு 72 லீட்டர், அதாவது 72 கிலோ. இதைத் தூக்கிக்கொண்டு யாரும் நடக்க முடியாது. ஆகவே தேன் எங்கே இருக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், எந்தக் குளத்தில், எந்த ஆற்றில், எந்தக் கல்லுப் பள்ளத்தில் இந்த மாதம் தண்ணீர் நிற்கும் என்பதை ஊரில் மாடு மேய்ப்பவர்களிடம் விசாரியுங்கள். போன வருடம் தண்ணீர் இருந்தது என்ற தகவலை நம்பிப் போகக் கூடாது. ஒரு வாரத்துக்குள் கண்ணால் பார்த்தவர் சொன்னால்தான் அது தகவல்.

ஒவ்வொருவரும் கிளம்பும்போது 5 லீட்டர் கொண்டுபோங்கள். ஒரே கானில் கொண்டுபோகாமல் ஒன்றரை லீட்டர் போத்தல்களாகப் பிரித்துக்கொண்டால் ஒன்று உடைந்தாலும் மற்றவை மிஞ்சும். கையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு முடிந்தும் அடுத்த தண்ணீர் கண்ணில் படவில்லையா, அங்கேயே திரும்ப வேண்டும். பாதி முடியட்டும் என்று நிற்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும், களைப்பும் கூடியிருக்கும், அதே தூரத்துக்குக் கூடுதல் தண்ணீர் இறங்கும்.

காய்ந்த ஆற்றில் பூவல் (மணலில் தண்ணீர் ஊறுகிற குழி) தோண்டுவது கிழக்கில் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான், ஆனாலும் இடம் பார்க்கத் தெரிய வேண்டும். ஆறு வளைகிற இடத்தில் வெளிப்பக்கக் கரையோரம், பச்சையாக மருது நிற்கிற நிழலில் தோண்டுங்கள். மணல் கை அளவு ஆழத்தில் ஈரமாகி நிறம் மாறினால் தொடரலாம். ஒரு முழம், ஒன்றரை முழம் போயும் மணல் காய்ந்தே கிடந்தால் விட்டுவிடுங்கள். தோண்டுகிற வியர்வைக்கு அந்தத் தண்ணீர் ஈடாகாது. குழியை அகலமாகத் தோண்டுங்கள், ஒடுக்கமாகத் தோண்டினால் சுவர் சரிந்து மூடிவிடும். முதலில் ஊறுகிற கலங்கல் தண்ணீரை இரண்டு தடவை இறைத்து வெளியே ஊற்றிவிட்டு, மூன்றாம் தடவை தெளிந்து வருவதைச் சிரட்டையால் அள்ளுங்கள்.

கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பாத்திரத்தின் உள்பக்கம் நன்றாக உரைத்துத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் மண் அடியில் படியும். தெளிந்த தண்ணீரும் கிருமியோடுதான் இருக்கும். கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விட்டே குடிக்க வேண்டும். இன்னொன்று, கொட்டையை ஊரிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தேற்றாவும் எட்டியும் ஒரே சாதி மரங்கள், இரண்டும் வறண்ட காட்டில் நிற்கும். எட்டிப்பழம் தோடம்பழம் மாதிரி மஞ்சள் சிவப்பாக இருக்கும். உள்ளே உள்ள கொட்டை சட்டைப் பொத்தான் போலத் தட்டையாக, பட்டு மாதிரி மினுங்கும் மயிரோடு இருக்கும். தேற்றாங்கொட்டை உருண்டை. எட்டிக்கொட்டை கடும் நஞ்சு. காட்டில் பொறுக்கி மாற்றி உரைத்தால் நான்கு பேரும் ஒரே பானையிலிருந்து குடிப்பீர்கள்.

குளக்கரையில் தண்ணீர் அள்ளுவது பகலில், தெளிந்த இடத்தில், ஒருவர் அள்ள மற்றவர் பார்த்து நிற்க. முதலை இல்லாத குளம் என்று எந்தக் குளத்தையும் நினைக்க வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் உடம்புக்குள் வரும்.

பையில் என்ன

1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, 19 வருடம் கண்டி இராச்சியத்தில் இருந்து, 1679இல் காட்டு வழியாக மன்னார்ப் பக்கக் கரையிலுள்ள அரிப்பு என்ற ஊருக்குத் தப்பிப் போன ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், பத்து நாள் சாப்பாட்டோடு எடுத்துப்போன பொருட்களில் மூன்று இன்றைக்கும் கவனிக்கத்தக்கவை. கூடாரமாக விரிக்கத் தாளிப்பனை ஓலை, ஒன்று கெட்டால் இன்னொன்று என்று ஒன்றுக்கு மேற்பட்ட சக்கிமுக்கிப் பெட்டி, முள்ளுக்குக் காலைக் காக்கச் செருப்புத் தைக்க மான்தோல். நிழல், நெருப்பு, பாதம். நம் பையையும் இந்த மூன்றிலிருந்தே கட்டத் தொடங்கலாம்.

ஓலைக்குப் பதில் 3 மீற்றருக்கு 4 மீற்றர் தறப்பாள். நெருப்புக்கு இரண்டு லைட்டரும் ஒரு நெருப்புப் பெட்டியும், மூன்றும் மூன்று பேரின் பையில். நெருப்புக்குச்சியின் தலையை உருக்கிய மெழுகில் தோய்த்து மருந்துப் போத்தலில் போட்டுவைத்தால் ஆற்றில் விழுந்தாலும் பற்றும். காலுக்குக் கணுக்கால் மூடும் சப்பாத்து, தடித்த காலுறை. ரப்பர் செருப்பை இண்டமுள் அப்படியே துளைத்துவிடும்.

இவை தவிர: ஆளுக்கொரு தொங்குபடுக்கையும் நுளம்பு வலையும், கைக்கோடரி ஒன்று, நீண்ட கத்தி இரண்டு, 10 மில்லிமீற்றர் கயிறு 30 மீற்றர், மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி இரண்டு, தேன் வடிக்க வெள்ளைத் துணி, தலைவிளக்கு ஆளுக்கொன்று, விசில் ஆளுக்கொன்று. மருந்துப் பையில் பரசிற்றமோல், அலர்ஜி மாத்திரை, அகலமான கட்டுத்துணி நான்கு, ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கிற தூள்) பக்கற் ஆறு. ஜீவனி தீர்ந்தால் ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் சீனி மட்டமாக ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள், கூடினால் தாகத்தையும் கூட்டும்.

சாப்பாட்டுக்கு ஆளுக்கு நாளுக்கு இரண்டு சுண்டு அரிசி, அதாவது ஏறக்குறைய 400 கிராம். பருப்பு 100 கிராம், கருவாடு, வெங்காயம், மிளகாய்த்தூள், தேயிலை, சீனி. அடுப்பு மூட்ட முடியாத நேரத்துக்கு வறுத்த அரிசிமாவில் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து ஆளுக்கு அரைக் கிலோ. வேட்டையை நம்பிச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. மான், மரை, பறவை எதைப் பிடித்தாலும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் காத்திருக்கும். கம்பிக் கண்ணி வைத்தால் அதில் சிறுத்தையும் மாட்டிச் சாகும்.

காட்டில் கிடைக்கிற பழத்தில் பாலைப்பழம், வீரைப்பழம், நாவல், விளாம்பழம் போதும். பாலைப்பழத்தை அளவோடு சாப்பிடுங்கள், அதன் பால் உதட்டில் பசை மாதிரி ஒட்டும். கிழங்கு தோண்டாதீர்கள். கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று அவித்துத் தின்று செத்தவர்கள் இந்த நாட்டில் உண்டு. அது கலப்பை மாதிரி வளைந்து இரண்டு பக்கம் நீண்டிருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அதனால் வந்ததுதான். சாப்பிட்டுச் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. வாந்தியும் கழிச்சலும் தொடங்கும்போது நஞ்சு உள்ளே இறங்கியிருக்கும்.

நடையும் திசையும்

காலை 5.30க்குக் கிளம்பி 10.30க்கு நில்லுங்கள். மறுபடி 3.30க்குக் கிளம்பி 5 மணிக்குள் தங்குமிடம் போய்ச் சேருங்கள். ஆனியில் பொழுது படுவது 6.25 அளவில், அதன்பின் அரை மணிக்குள் காடு கும்மிருட்டு. முட்பற்றையில் மணிக்கு ஒரு கிலோமீற்றர் நடந்தால் அதுவே நல்ல நடை. யானைத்தடத்தில் மூன்று கிலோமீற்றர் போகலாம், ஆனால் அந்தத் தடம் யாருக்குச் சொந்தம் என்று ஞாபகம் இருக்கட்டும். தொடரிமுள் கொளுவினால் முன்னால் இழுக்காதீர்கள். ஓர் அடி பின்னால் வைத்தால் கொக்கி தானாகக் கழன்றுவிடும்.

திசை பார்ப்பதில் ஒரு பெரிய பிழை படித்தவர்களுக்கே வருகிறது. வெளிநாட்டுக் கைநூல்களில் நடுப்பகல் நிழல் வடக்கே விழும் என்று எழுதியிருக்கும். திருகோணமலை வடக்கு அகலாங்கு எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பு அளவிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை, அதாவது தேன் காலம் முழுக்க, நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். ஜூன் 21இல் ஒரு மீற்றர் தடியை நேராக நட்டால், 12 மணி தாண்டிச் சில நிமிடத்தில் 26 சென்ரிமீற்றர் அளவில் தெற்கு நோக்கிக் குறுநிழல் விழும். அந்த நூலை நம்பி நடந்தவர் கடலை நோக்கிப் போகிறேன் என்று உள்காட்டுக்குள் போவார். கடிகார முள்ளை வைத்துத் திசை பார்க்கிற வித்தையையும் இந்த மாதங்களில் மறந்துவிடுங்கள். காலைச் சூரியனும் மாலைச் சூரியனும் போதும். இரவில் துருவநட்சத்திரம் மரத்துக்கு மேல் வராது. வைகாசி, ஆனி முன்னிரவில் திரிசங்கு (தெற்குச் சிலுவை) தெற்கே நிற்கும், வெட்டையில் நின்றால் தெரியும்.

தவறிப்போனால் ஒரு பெரிய கோட்டை நோக்கி நடப்பதே வழி. குச்சவெளி, திரியாய்க் காட்டில் கிழக்கே நடந்தால் புல்மோட்டை வீதி குறுக்கே வரும். ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் கிழக்கே போனால் மட்டக்களப்பு வீதி அல்லது கடல். உள்ளே நுழைவதற்கு முன் இந்தக் கோடு எந்தப் பக்கம் என்று நான்கு பேரும் வாயால் சொல்லிக்கொள்ளுங்கள். கைப்பேசி வரைபடத்தை முன்பே இறக்கி வைத்து, ஒரு கைப்பேசியை அணைத்துப் பையில் வையுங்கள். எந்தக் குளத்தை அண்டித் தங்குகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குள் வராவிட்டால் தேட வேண்டும் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இராத் தங்கல்

தண்ணீருக்கு 200 மீற்றர் தள்ளியே படுக்கை. மாலையில் தண்ணீருக்கு வருகிற மிருகத்தின் வழியை மறிக்காமல் இருக்க இதுவே வழி. காய்ந்த ஆற்று மணல் மெத்தை மாதிரிதான் இருக்கும், ஆனால் மேலே எங்கோ இடிமழை பெய்தால் தண்ணீர் சொல்லாமல் வரும். படுக்கிற மரத்தை அண்ணாந்து பார்த்து, பட்ட கொப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே கயிறு கட்டுங்கள். கச்சான் இரவில் பலமாக அடிக்கும்.

தரையில் படுக்கவே கூடாது. இது சொகுசுக்காகச் சொல்வதில்லை. கட்டுவிரியன் இரவில் உலாவுகிற பாம்பு, தரையில் தூங்குகிறவரைத்தான் அது பெரும்பாலும் கடிக்கிறது. கடி நுளம்புக் கடி மாதிரிக்கூட வலிக்காது. காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணிமை தானாகத் தொங்கும்போதுதான் விளங்கும். தொங்குபடுக்கை இல்லையென்றால் கவைக்கம்பு நட்டு முழங்கால் உயரத்தில் பரண் கட்டுங்கள், வலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் சொருகுங்கள். காலையில் சப்பாத்தைத் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

நெருப்புக்கு முதிரையும் வீரையும் நல்லவை. பாலை விறகு மெதுவாகப் பற்றினாலும் தணல் விடியும்வரை கிடக்கும். கடலேரிப் பக்கம் தங்க நேர்ந்தால் தில்லை மரத்தைத் தொடவே வேண்டாம். வெட்டினால் தெறிக்கிற பால் கண்ணைக் கெடுக்கும், புகையும் கண்ணை எரிக்கும். அடுப்பைச் சுற்றி இரண்டு மீற்றருக்குச் சருகைக் கூட்டி மண் தெரிய வைத்து, ஒரு சாண் குழிக்குள் மூட்டுங்கள். கிளம்பும்போது தண்ணீர் தெளித்துக் கிளறி, சாம்பலுக்குள் வெறுங்கையை வைக்கக் கூடிய அளவு குளிர்ந்த பிறகே நகருங்கள். இந்தக் காற்றில் ஒரு தணல் போதும், காடே போய்விடும்.

யானை, கரடி, கட்டுத்துவக்கு

ஒரு துணி முடிச்சில் சாம்பல் கட்டி இடுப்பில் வையுங்கள். அடிக்கடி தட்டினால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று புகை மாதிரித் தெரியும். யானை இலத்தி ஈரமாக, உடைத்தால் உள்ளே சூடாக இருந்தால் மிருகம் அருகில். அந்த இடத்தில் பேச்சு நிற்க வேண்டும், உங்கள் வாடை அதற்குப் போகாத பக்கமாக வந்த வழியே விலக வேண்டும். தனித்த அலியனை (ஆண் யானையை) கண்டால் 100 மீற்றருக்குள் போகாதீர்கள். துரத்தினால் பையைப் பின்னால் எறிந்துவிட்டுப் பெரிய கல்லுக்கோ தடித்த மரத்துக்கோ பின்னால் போங்கள். அது பையில் சினத்தைத் தீர்க்கிற நேரம் உங்களுடையது.

கரடிக்கு இதற்கு நேர்மாறு. அது திடீரென்று அருகில் மனிதனைக் கண்டால் பயத்தில் பாயும், பாய்ந்தால் முகத்தைத்தான் பிடிக்கும். பாலை பழுக்கிற காலத்தில் மரத்தின் மேலும் இருக்கும். அடிமரத்தில் புதிய நகக்கீறல், கீழே முறிந்து கிடக்கிற கொப்பு, கொட்டை நிறைந்த எச்சம், இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் பேசிக்கொண்டு, தடியால் மரத்தில் தட்டிக்கொண்டு நடவுங்கள். தேன் தேடுகிற இடமும் கரடி தேடுகிற இடமும் ஒன்று என்பதை மறக்க வேண்டாம். பாய்ந்தேவிட்டால் குப்புற விழுந்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தை மண்ணில் புதையுங்கள்.

இவற்றைவிட மோசமானது மனிதன் வைத்துவிட்டுப் போனது. வயலும் சேனையும் காட்டோடு சேர்கிற ஓரத்தில், பன்றிக்கும் மரைக்கும் கட்டுத்துவக்கு வைப்பார்கள். மிருகத் தடத்துக்குக் குறுக்கே கெண்டைக்கால் அல்லது முழங்கால் உயரத்தில் மெல்லிய நூலோ கம்பியோ இழுத்து, பக்கத்துப் பற்றைக்குள் துவக்குக் குழாயைக் கட்டியிருப்பார்கள். புதிதாக வெட்டி நட்ட இரண்டு கம்பு, காரணமில்லாமல் முறித்துத் தொங்கவிட்ட கொப்பு, தடத்தின் இருபக்கமும் ஒடுக்கிவிட்ட முள், இவையே அடையாளம். அந்தி முதல் விடியும்வரை காட்டோரத் தடத்தில் கால் வைக்காதீர்கள். முன்னால் போகிறவர் ஒரு மெல்லிய நீண்ட குச்சியை நிலத்தோடு நிமிர்த்திப் பிடித்து, முன்னால் நீட்டிக்கொண்டு மெதுவாகப் போகட்டும். நூல் குச்சியில் பட்டால் அசையாமல் நின்று பின்னால் போங்கள். தடத்தில் கிடக்கிற பூசணித்துண்டு, சோளப்பொத்தி, கருவாட்டு முடிச்சு எதையும் எடுக்கவோ மிதிக்கவோ வேண்டாம், உள்ளே பன்றிவெடி இருக்கலாம்.

பழைய காவலரண், மண் அணை, துருப்பிடித்த முட்கம்பி, சிவப்புத் தகட்டில் மண்டையோடு, சிவப்புச் சாயம் அடித்த கல் என்று ஏதாவது தென்பட்டால் மிதிவெடி இருக்கக்கூடிய இடம் என்று கொள்ளுங்கள். நின்ற இடத்தில் நின்று, வந்த காலடியிலேயே காலை வைத்துத் திரும்புங்கள். அதற்கப்பால் எவ்வளவு தேன் இருந்தாலும் அது உங்களுக்கு இல்லை.

தேனைக் கண்டுபிடிப்பது

காலை 7 மணிக்குத் தண்ணீர் ஓரத்து ஈர மண்ணில் உட்காருங்கள். தேனீ தண்ணீர் குடிக்க வரும். நிரம்பிய தேனீ ஒன்றிரண்டு வட்டம் சுற்றிவிட்டு நேர்கோட்டில் வீட்டுக்குப் போகும். சூரியன் தாழ்ந்திருக்கிற நேரத்தில், சூரியன் இருக்கும் பக்கம் கறுப்பாக நிற்கிற மரத்தைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால் சிறகு மினுங்கும். அந்தக் கோட்டுக்கு ஒரு மரத்தைக் குறி வையுங்கள். பிறகு கரையோரமாக 50 அடி விலகி உட்கார்ந்து இன்னொரு கோடு பிடியுங்கள். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கூடு.

எவ்வளவு தூரம் என்பதற்கும் வழி உண்டு. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து, ஈர்க்கு நுனியால் குடித்துக்கொண்டிருக்கிற தேனீயின் முதுகில் ஒரு பொட்டு வையுங்கள். மெதுவாக வைத்தால் அது கவனிக்காது. பொட்டு வைத்தது ஐந்து நிமிடத்துக்குள் திரும்பி வந்தால் கூடு சில நூறு மீற்றருக்குள். கால் மணி நேரமாகியும் வரவில்லையென்றால் வேறு கோடு பாருங்கள்.

கிடைப்பது நான்கு வகை. மரப்பொந்திலும் புற்றிலும் அடுக்கடுக்காகத் தேன்வதை கட்டுகிற பொந்துத் தேனீ. சிறு கொப்பில் உள்ளங்கை அளவு ஒற்றை வதை கட்டுகிற கொம்புத் தேனீ. கொட்டாத கொசுத் தேனீ, அதன் தேன் சில கரண்டி, மருந்துக்கு விலை போகும். கடைசியாக, உயர்ந்த கொப்பிலும் பாறை விளிம்பிலும் ஒரு மீற்றர் அகலத்துக்கும் வதை தொங்கவிடுகிற மலைத் தேனீ. கீழே இலைகளில் மஞ்சள் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தால் மேலே மலைத் தேனீ இருக்கும், அது அவற்றின் எச்சம்.

மலைத் தேனை அமாவாசை இருட்டில், புகைப் பந்தத்தைத் தட்டித் தீப்பொறி கீழே விழவைத்து எடுப்பார்கள். பொறியைத் துரத்தித் தேனீ கீழே போகும். நிலவில் அது பறக்கும் என்பதால்தான் இருட்டு. பழகியவர்கள் செய்கிற வேலை, இதை எழுத்தில் படித்து ஏறுகிறவர் இறங்கமாட்டார். கச்சான் காலத்தில் காய்ந்த சருகின் மேல் தீப்பொறி கொட்டுவதும் நமக்குச் சம்மதமில்லை. இந்த வழிகாட்டி பொந்துத் தேனோடு நிற்கிறது.

எடுப்பது

வெளிர் நிற நீளக்கைச் சட்டை, தொப்பி, முகத்துக்கு நுளம்புவலைத் துண்டு. கறுப்புத் துணியையும் மயிர் தெரிகிற இடத்தையும் தேனீ தேடிக் கொட்டும். கொட்டிய தேனீ விடுகிற எச்சரிக்கை வாடை வாழைப்பழ வாடை. ஆகவே அன்று வாழைப்பழம் சாப்பிட்ட கையோடு பொந்தில் கை வைக்காதீர்கள்.

காய்ந்த யானை இலத்தியையோ தேங்காய்த் தும்பையோ தகரப்பேணியில் தணலாக்கி, மேலே பச்சை இலை போட்டால் குளிர்ந்த வெள்ளைப் புகை வரும். சூடான புகை வதையை உருக்கும், தேனீயைச் சினக்கவைக்கும். பொந்து வாயில் நான்கைந்து ஊதல், இரண்டு நிமிடம் காத்திருத்தல், மறுபடி இரண்டு ஊதல். தேனீ தேனை உறிஞ்சி வயிறு நிரப்பி அமைதியாகும். மரத்தைத் தட்டிக் கேட்டு வதை எதுவரை போகிறது என்று கண்டு, கை நுழைகிற அளவுக்கு மட்டும் கோடரியால் வாயை அகலப்படுத்துங்கள். முழு மரத்தையும் பிளப்பது சோம்பேறித்தனம். அடுத்த வருடம் அந்தப் பொந்து உங்களுக்கு இல்லை.

தேன் வதை பெரும்பாலும் மேலும் ஓரமும், குஞ்சு வதை நடுவிலும் கீழும். தேனறைகள் வெள்ளை மெழுகால் மூடியிருக்க வேண்டும். திறந்த அறையில் தேன் மினுங்கிக்கொண்டிருந்தால் அது இன்னும் முற்றவில்லை, தண்ணீர்ச் சத்துக் கூட, எடுத்தால் புளிக்கும். முற்றிய தேனில் மூன்றில் ஒரு பங்கையும் குஞ்சு வதை முழுவதையும் விட்டுவிடுங்கள். அகலப்படுத்திய வாயைக் கல் வைத்துக் களிமண்ணால் அடைத்து, பழைய அளவுக்கு ஒரு துளை மட்டும் விடுங்கள். இப்படிச் செய்யாவிட்டால் பொந்துத் தேனீ கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும், மிஞ்சிய வதையைப் புழு தின்னும். ஒரு பொந்தில் இரண்டு போத்தல் வந்தால் அது நல்ல பொந்து.

கூட்டம் கிளர்ந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடி, அடர்ந்த பற்றைக்குள் நுழைந்து விலகி ஓடுங்கள். தண்ணீரில் மூழ்கினால் மேலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். கொடுக்கை நகத்தால் சுரண்டி உடனே எடுங்கள், எப்படி எடுக்கிறீர்கள் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம். ஒரே கொட்டிலேயே உதடு, நாக்கு வீங்குதல், மூச்சிரைப்பு, உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் அந்த நிமிடமே பயணம் முடிந்தது. ஐம்பது கொட்டுக்கு மேல் வாங்கியவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும், சிறுநீரகம் பழுதாவது பிந்தித்தான் தெரியும்.

பாம்பு கடித்தால் மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கடித்த கை காலைத் தடி வைத்துக் கட்டி அசையாமல் வைத்து, ஆளைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். வலிக்குப் பரசிற்றமோல் மட்டும், அஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும். வீதிக்கு வந்ததும் 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். மூதூர், கந்தளாய், திருகோணமலை வைத்தியசாலைகள் மூன்றில் எது அருகில் என்பதைக் கிளம்பும்போதே தீர்மானித்திருக்க வேண்டும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர வேண்டியதில்லை, முடிந்தால் தூரத்திலிருந்து ஒரு படம்.

திரும்புவதும் வடிப்பதும்

750 மில்லி போத்தல் தேன் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். எட்டுப் போத்தல் கிடைத்தால் எட்டரைக் கிலோ. போகும்போது குறைந்த தண்ணீர்ப் பாரத்துக்குப் பதில் இந்தப் பாரம் ஏறும், தோளுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் போத்தலைத் தேனால் நிரப்பிவிட்டுத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். தேன் தாகத்தைத் தீர்க்காது, கூட்டும். வெறும் வயிற்றில் நிறையக் குடித்தால் வயிறும் கழியும். கடைசித் தங்குமிடத்தில் ஆளுக்கு 5 லீட்டர் நிரப்பிய பிறகு தோளில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறதோ, அவ்வளவு தேன்தான் உங்களுடையது. மிஞ்சினால் அங்கேயே சாப்பிடுங்கள்.

வதையை வாளியில் மூடியே கொண்டுவாருங்கள், திறந்திருந்தால் வழி முழுக்கத் தேனீயும் எறும்பும் கூட வரும். வீட்டில் குஞ்சு ஒட்டிய துண்டுகளை முதலில் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கத்தியால் கீறித் துணியில் தொங்கவிட்டு ஓர் இரவு தானாக வடிய விடுங்கள். கையால் பிழிந்தால் பூந்தூளும் குஞ்சுச் சாறும் கலந்து சீக்கிரம் புளிக்கும். நெருப்பில் காய்ச்சாதீர்கள். போத்தல் உள்ளே ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றி, முதல் இரண்டு வாரம் மூடியை இறுக்காமல் வையுங்கள். நுரை பொங்கினால் அந்தப் போத்தலில் திறந்த அறைத் தேன் கலந்திருக்கிறது. அதை விற்க வேண்டாம், வீட்டில் முதலில் அதை முடியுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனையும் நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள்.